வெண்ணிலா இல்லை, வெனிலா

(நம் அசோசியேஷனின் 'மாதம் ஒருவர்' வரிசையில், மொட்டை மாடியில் பேசியது. சில இடங்களில் சுருக்கியிருக்கிறேன். நடுவில் வந்த கேள்விகளுக்குச் சொன்ன பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.)

செக்ரெட்டரி சார் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, நாமினேஷன், லாக்கர், பென்ஷன் இதைப் பற்றித்தான் கேட்டார். அதை நான் லிஃப்டிலும் கேட்டிலும் தினம் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்காக உங்களை மாடி ஏறி வரச் சொல்வது நியாயமில்லை. ஆகவே இன்றைக்கு வெனிலா. வீட்டிலேயே வெனிலா எக்ஸ்ட்ராக்ட் போடுவது எப்படி என்று சொல்லப் போகிறேன். நடுவில் ஒரு பழைய கதையும் வரும். அது வராமல் எனக்கு இந்த விஷயத்தைச் சொல்லத் தெரியாது.

நாம் சின்ன வயதில் இதை 'வெண்ணிலா' என்றுதான் சொன்னோம். ஐஸ்கிரீம் வெள்ளையாக இருக்கிறது, நிலா மாதிரி இருக்கிறது, அதனால் வெண்ணிலா என்று நானே ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். விஷயம் அதுவல்ல. ஸ்பானிஷ் மொழியில் சின்ன உறை, சின்ன நெற்று என்று அர்த்தம் வரும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நிறமும் வெள்ளை இல்லை. அசல் வெனிலா கறுப்பாக, காய்ந்த முருங்கைக்காயை ரொம்பச் சின்னதாக்கியது போல, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். இதோ, ஒரு காயைச் சுற்றுக்கு விடுகிறேன். முகர்ந்து பாருங்கள். திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கணக்கில் இருக்கிறது.

நாம் கடையில் வாங்கும் சின்ன பாட்டில் எசன்ஸில் இந்தக் காய் கிடையாது. லேபிளைப் படித்தால் அவர்களே செயற்கை மணப்பொருள் என்று போட்டிருப்பார்கள். ஏமாற்று ஒன்றும் இல்லை, நாம்தான் படிப்பதில்லை. வெனிலாவின் முக்கியமான வாசனைப் பொருளுக்கு வெனிலின் என்று பெயர். 1874-ல் ஜெர்மனியில் டீமான், ஹார்மான் என்று இரண்டு பேர் பைன் மரச் சாற்றில் கிடைக்கும் ஒரு பொருளிலிருந்து அதைச் செய்து காட்டினார்கள். அப்புறம் காகித ஆலைக் கழிவிலிருந்து எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் பெட்ரோலியம் வழியில் வருகிறது. அது விஷம் என்று பயமுறுத்த வரவில்லை. அதில் வெனிலின் ஒன்றுதான் உண்டு. காயில் அதோடு சின்னச் சின்னதாக நூற்றுக்கும் மேற்பட்ட வாசனைப் பொருட்கள் இருக்கின்றன. ஒற்றை நாதஸ்வரத்துக்கும், தவில் ஒத்து எல்லாம் சேர்ந்த மேளத்துக்கும் இருக்கிற வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நன்னாரி சர்பத் குடிக்கும்போது ஏதோ வெனிலா சாயல் இருக்கிறதே என்று யாருக்காவது தோன்றியிருக்கிறதா? தோன்றியிருந்தால் உங்கள் மூக்கு நல்ல மூக்கு. நன்னாரி வேரின் வாசனைப் பொருளும் வெனிலினும் ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கையில் சேர்ந்தவை. அடுக்கு மட்டும் வேறு. அதாவது சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளை மாதிரி.

இது ஒரு ஆர்க்கிட் கொடி. சொந்த ஊர் மெக்ஸிகோ. அங்கே இதன் பூவில் மகரந்தம் சேர்க்கச் சில தேனீக்கள் உண்டு. வேறு நாட்டில் கொடியை வைத்தால் கொடி வளரும், பூக்கும், காய்க்காது. இந்தச் சிக்கலை 1841-ல் ரீயூனியன் தீவில் ஒரு அடிமைப் பையன் தீர்த்தான். எட்மண்ட் ஆல்பியஸ் என்று பெயர். வயது 12. ஒரு மெல்லிய குச்சியால் பூவுக்குள் இருக்கும் சின்னத் திரையைத் தூக்கி, கட்டைவிரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான். இன்றைக்கும் மடகாஸ்கர் முதல் நம் பக்கம் வரை அதே முறைதான். பூ ஒரே நாள் இருக்கும், அதுவும் காலையில் செய்தால்தான் பிடிக்கும். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு மனிதக் கை வேண்டும். விலை ஏன் இவ்வளவு என்று இனிமேல் கேட்க மாட்டீர்கள். அந்தப் பையனுக்கு 1848-ல் விடுதலை கிடைத்தது. ஆனால் 1880-ல் ஏழையாகத்தான் செத்தான்.

இப்போது என் கதை.

2001-லிருந்து 2006 வரை பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிளையில் கிளார்க்காக இருந்தேன். சுற்றிலும் தென்னந்தோப்பு. அந்தச் சமயம் எங்கே பார்த்தாலும் வெனிலா பேச்சு. 2000-ல் மடகாஸ்கரில் பெரிய புயல் அடித்து அங்கே கொடிகள் போயின. உலக விலை ஏற ஆரம்பித்தது. 2003-ல் பதப்படுத்திய காய் கிலோ 500 டாலர் வரை போனது. கேரளாவிலும் கர்நாடகாவிலும் பச்சைக் காயே கிலோ 3,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. காயைத் திருடிவிடுவார்கள் என்று ராத்திரியில் டார்ச்சோடு தோட்டக் காவல் இருந்தவர்கள் உண்டு. நம் ஆட்கள் தென்னைக்கு நடுவில் கிளைரிசிடியா நட்டு, அதில் கொடியை ஏற்றினார்கள். கொடித் துண்டு ஒன்று 100 ரூபாய். துண்டு விற்றவர்கள்தான் நன்றாகச் சம்பாதித்தார்கள்.

2002-ல் எங்கள் கவுண்டருக்கு ஒருவர் வந்தார். நாலு ஏக்கர் தோப்பு, நல்ல மனிதர். 11 பவுன் நகை வைத்து 30,000 ரூபாய் கேட்டார். கிராமுக்கு 350 ரூபாய்க்குள்தான் அப்போது கடன். 300 துண்டு வாங்கப் போவதாகச் சொன்னார். கையெழுத்துப் போடும் முன் என்னைப் பார்த்து, "நீங்க பி.காம் படிச்சவங்க. சொல்லுங் சார், போடலாமுங்களா?" என்றார். நான், "தாராளமாகப் போடுங்கள். இதைவிட நல்ல நேரம் வராது" என்றேன்.

அது என் வேலையே இல்லை. நகை, எடை, வட்டி, கையெழுத்து, அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் படித்தவன் என்று ஒருவர் கேட்டதும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

இத்தனைக்கும் பி.காம். பொருளாதாரப் பாடத்தில் சிலந்தி வலை விதி என்று ஒன்று படித்திருக்கிறேன். விலை ஏறியிருக்கும்போது எல்லோரும் நடுவார்கள். காய்ப்புக்கு வரும்போது எல்லோருடைய காயும் ஒன்றாகச் சந்தைக்கு வரும். விலை விழும். பரீட்சையில் படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். வெனிலா நட்டால் பூக்க மூன்று வருஷம். பூத்தபின் காய் முற்ற 9, 10 மாதம். 2002-ல் நட்டவருக்கு 2005 கடைசியில்தான் கையில் காய். இந்தக் கூட்டலைக் கவுண்டரிலேயே ஒரு சீட்டில் போட்டுப் பார்த்திருக்கலாம். போடவில்லை.

2004-லேயே விலை சரிய ஆரம்பித்தது. மடகாஸ்கரில் கொடிகள் மறுபடி காய்த்தன. உகாண்டா, இந்தியா, பப்புவா நியூ கினி எல்லா இடத்துக் காயும் வந்தது. அதற்குள் பெரிய ஐஸ்கிரீம் கம்பெனிகள் பல செயற்கை வெனிலினுக்கு மாறிவிட்டன. அவருக்கு முதல் அறுப்பில் 60 கிலோ பச்சைக் காய். 3,000 ரூபாய் என்றால் 1,80,000. அவர் காய் பறித்த மாதம் 100 ரூபாய்க்கு வாங்கக்கூட வியாபாரி வரவில்லை. கூட்டிக் கழித்தால் 6,000 ரூபாய் சரக்கு.

மூன்று வருஷம் ஒழுங்காக வட்டி கட்டிப் புதுப்பித்தவர், 2006-ல் கட்டவில்லை. ஏல நோட்டீஸ் டைப் செய்தது நான். ஓரத்தில் என் இனிஷியல்.

நோட்டீஸ் கிடைத்த நாலாவது நாள் வந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். 5 பவுன் ஆரம் ஒன்றை விற்றுக் கடனை அடைத்து, மிச்ச நகையை மீட்டுக்கொண்டார். அந்த நாலு வருஷத்தில் தங்கம் ஏறியிருந்தது, அதனால் தப்பித்தார். வேடிக்கை பாருங்கள்: வெனிலாவுக்காக வைத்த தங்கம்தான் வெனிலாவைவிட நன்றாகக் காய்த்தது. அந்த ஆரம் அவருடைய அம்மாவுடையது என்று அப்ரைசர் அப்புறம் சொன்னார். போகும்போது தினத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் மேஜையில் வைத்தார். "நானே பக்குவம் பண்ணினதுங் சார். விக்கலை. ஊட்டுக்குக் கொண்டு போங்" என்றார். நான் வேண்டாம் என்றேன். "இருக்கட்டுங்" என்று போய்விட்டார்.

அந்தப் பக்குவம் சின்ன வேலை இல்லை. பறித்த காயில் வாசனையே இருக்காது. 63, 65 டிகிரி வெந்நீரில் மூன்று நிமிஷம் முக்கி, சூடு ஆறுவதற்குள் கம்பளியில் சுற்றி வியர்க்க விட வேண்டும். அப்புறம் தினமும் சில மணி நேரம் வெயில், மறுபடி கம்பளி. பிறகு நிழல் உலர்த்தல், கடைசியில் பெட்டியில் இரண்டு மூன்று மாதம். காய்க்குள் இருக்கும் என்சைம் மெதுவாக வேலை செய்துதான் வெனிலின் வெளியே வருகிறது. 6 கிலோ பச்சைக் காய் 1 கிலோவாகச் சுருங்கும். விலை இல்லை என்று தெரிந்தபின்னும் அவர் இதையெல்லாம் செய்திருக்கிறார்.

என் மனைவிக்கு அது என்னவென்று தெரியவில்லை. எனக்கும் அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாது. சர்க்கரை டப்பாவில் போட்டு வைத்தாள். பத்து நாள் கழித்துத் திறந்தபோது குவார்ட்டர்ஸ் முழுக்க வாசனை. குக்கரில் மணல் போட்டு முட்டையில்லாத கேக் செய்வாள். அன்றைக்கு அந்தச் சர்க்கரையில் செய்தாள். குழந்தைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். நான் ஒரு துண்டு சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

சரி, செய்முறைக்கு வருகிறேன். பின் வரிசையில் மாமி கடிகாரத்தைப் பார்க்கிறார்.

எக்ஸ்ட்ராக்ட் என்பது காயை ஆல்கஹாலில் ஊறப் போடுவது, அவ்வளவே. அமெரிக்காவில் இதற்குச் சட்டப்படி அளவு இருக்கிறது. நம் கணக்கில் சொன்னால் லிட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம் காய், ஆல்கஹால் குறைந்தது 35 சதவீதம். ஆகவே 250 மில்லிக்கு 25 கிராம். காயின் பருமனைப் பொறுத்து 7, 8 காய் வரும். எண்ணிப் போடாதீர்கள், நிறுத்துப் போடுங்கள். இரண்டு காயைப் பெரிய பாட்டிலில் போட்டுவிட்டு வாசனை வரவில்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

ஆல்கஹாலுக்கு வோட்கா நல்லது, அதற்கென்று தனி வாசனை இல்லை. நம் ஊர் வோட்கா 42.8 சதவீதம், கணக்குக்குச் சரியாக இருக்கிறது. விலை உயர்ந்தது தேவையில்லை. 67 வயதில் முதல்முறையாக டாஸ்மாக் வரிசையில் நின்றேன். கோபாலபுரத்தில் தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்று ராயப்பேட்டைப் பக்கம் நடந்தேன். அங்கே எனக்கு முன்னால் நம் கட்டடத்துக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பெயர் சொல்ல மாட்டேன். அவரும் கேக்குக்காகத்தான் வந்திருப்பார்.

(கேள்வி: மருந்துக் கடை ஸ்பிரிட்டில் போடலாமா?) கூடவே கூடாது. சர்ஜிக்கல் ஸ்பிரிட், சானிடைசர், பாலிஷ் ஸ்பிரிட் எதுவும் வாயில் படக் கூடாதவை. கண் போகும், உயிரும் போகும். குடிப்பதற்கென்று விற்கும் சரக்கு மட்டும்தான்.

கண்ணாடி பாட்டிலைக் கொதிநீரில் கழுவி, ஈரமில்லாமல் காய வையுங்கள். காயை நீளவாட்டில் கீறுங்கள். உள்ளே கறுப்பு மணல் மாதிரி விதை இருக்கும், அதுவும் உள்ளே போகட்டும். பாட்டில் உயரத்துக்குத் தகுந்தபடி வெட்டிப் போட்டு, முழுவதும் மூழ்கும்படி ஊற்றுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காய் கெட்டுப்போகும். சூடாக்க வேண்டாம், வெயிலில் வைக்க வேண்டாம். மூடியில் தேதி எழுதி, மர அலமாரியில் உள்ளே தள்ளி வையுங்கள். மேல் மாடிக்காரர்கள் பரணில் வைக்காதீர்கள், சித்திரையில் அது அடுப்பு. வாரம் ஒரு முறை குலுக்கினால் போதும்.

இரண்டு மாதத்தில் டீ டிகாக்‌ஷன் நிறம் வரும். அப்போது முகர்ந்தால் சாராய நெடிதான் முன்னால் நிற்கும். பயந்து கொட்டிவிடாதீர்கள். நான் கொட்டப் பார்த்தேன், என் மனைவி தடுத்தாள். ஆறு மாதத்தில் நெடி பின்னால் போய்விடும். தை மாதம் போட்டால் ஆடியில் எடுக்கலாம். ஒரு வருஷம் விட்டால் இன்னும் நல்லது.

காயின் மேல் வெள்ளையாக ஊசி ஊசியாக மின்னினால் அது வெனிலின் படிகம், நல்ல சரக்கு. பஞ்சு மாதிரி படர்ந்து முக்கை வாடை வந்தால் பூசணம், தூக்கிப் போடுங்கள். காயை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், காய்ந்து விறைத்துவிடும்.

செலவுக் கணக்கு கேட்டீர்கள். 25 கிராம் காய் எனக்கு 700 ரூபாய்க்கு வந்தது. அரை பாட்டில், அதாவது 375 மில்லி வோட்கா, 500-க்குக் கொஞ்சம் மேல். 250 மில்லி போக மிச்சம் 125 மில்லி எங்கே என்று என் மருமகன் ஆடிட் அப்ஜெக்‌ஷன் போட்டான். அலமாரியில் இருக்கிறது. எக்ஸ்ட்ராக்ட் பாதியானதும் அதே காய்மேல் ஊற்றத்தான் வைத்திருக்கிறேன். இரண்டாம் தடவை கொஞ்சம் மெலிதாக வரும், பரவாயில்லை. கடைசியில் காயைக் காய வைத்துச் சர்க்கரையோடு மிக்ஸியில் அடித்தால் அதுவும் வீணில்லை. எசன்ஸ் பாட்டிலை விட இது விலை கூடத்தான், மறைக்கவில்லை. ஆனால் கேக்குக்கு ஒரு ஸ்பூன் என்றால் 250 மில்லி 50 தடவைக்கு வரும். வெளிநாட்டு எக்ஸ்ட்ராக்ட் வாங்கினால் இதைவிட மலிவாக வராது.

அடுப்பு எரியும்போது பாட்டிலைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், பற்றிக்கொள்ளும். கஸ்டர்ட், பாயசம் என்றால் இறக்கி, ஆறிய பின் விடுங்கள். கொதிக்கும்போது விட்டால் வாசனையும் போய்விடும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வாசனையை நம்பி ஒரு மடக்குக் குடித்துவிடும்.

ஆல்கஹால் வேண்டாம் என்று மூன்று வீட்டில் சொன்னார்கள். அது அவரவர் விஷயம், நியாயமும்கூட. ஒரு ஸ்பூனில் 2 மில்லி ஆல்கஹால்தான், பத்துப் பேருக்குப் பகிர்ந்தால் ஒன்றுமில்லை என்று கணக்குச் சொல்லலாம். கணக்கு வேறு, மனசு வேறு. கேக்கை வேகவைத்தாலும் அது முழுக்கப் போய்விடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு இரண்டு வழி. உணவுக்கான கிளிசரின் மூன்று பங்கு, கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு பங்கு கலந்து அதில் காயைப் போடலாம். மெதுவாகத்தான் இறங்கும், ஆறு மாதமாவது விடுங்கள். இன்னும் சுலபம், பாலில் பாதிக் காயைக் கீறிப் போட்டுச் சின்னத் தீயில் காய்ச்சுவது. அந்தக் காயைக் கழுவிக் காயவைத்துச் சர்க்கரை டப்பாவில் போட்டுவிடலாம். எங்கள் வீட்டில் ஆரம்பித்ததே அந்த டப்பாவில்தான்.

(கேள்வி: அந்தத் தோப்புக்காரரை அப்புறம் பார்த்தீர்களா?) பார்த்தேன். 2017-ல் மடகாஸ்கரில் மறுபடி புயல், விலை மறுபடி 600 டாலர் பக்கம் போயிற்று. பேப்பரில் படித்ததும் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அடுத்த வருஷம் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனபோது தோப்புக்குப் போனேன். என்னை அடையாளம் தெரிந்தது. இளநீர் வெட்டிக் கொடுத்தார். கொடியெல்லாம் 2007-லேயே அறுத்துப் போட்டுவிட்டாராம். கிளைரிசிடியா மட்டும் நின்றது, ஆட்டுக்குத் தழை. "இப்ப விலை இருக்குதாமா?" என்றார். இருக்கிறது என்றேன். "மறுபடி போடலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அவர் விளையாட்டாகக் கேட்டாரா, நிஜமாகக் கேட்டாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. விலை அப்புறம் இரண்டு மூன்று வருஷத்தில் மறுபடி இறங்கிவிட்டது.

மாடியிறங்கும் முன் ஒரு விஷயம். காய் கொஞ்சமாக வாங்கினால் விலை அதிகம், கால் கிலோவாக வாங்கினால் குறைகிறது. இடுக்கிப் பக்கத்திலும் நம் மலையடிவாரத்திலும் விடாமல் பயிர் செய்கிறவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள், நேரடியாக அனுப்புகிறார்கள். பத்து வீடு சேர்ந்தால் ஆர்டர் போடுகிறேன். வாட்ச்மேன் மேஜையில் நோட்டு வைத்திருக்கிறேன், பெயர், ஃபிளாட் எண், எத்தனை கிராம் என்று எழுதுங்கள். பணம் காய் வந்தபின் போதும், கணக்கு நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். வோட்கா அவரவர் பொறுப்பு. கீழே கஸ்டர்ட் வைத்திருக்கிறார்கள், பச்சை மூடி பாத்திரத்தில் இருப்பது ஆல்கஹால் இல்லாதது.